திரிக்லவ் தேசியப் பூங்கா: 68 வயதுத் தந்தையோடும் 11 வயது மகனோடும் ஐந்து நாட்கள்

தென்காசி_மலர் எழுதியது (மே மாதம்)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மியூனிக்கில் வசிக்கிறோம். ஜூலையில் என் தந்தை ஊரிலிருந்து வந்து எங்களுடன் தங்கவிருக்கிறார். அவரை ஸ்லோவீனியாவின் திரிக்லவ் தேசியப் பூங்காவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது எங்கள் விருப்பம். காரில் செல்வோம், கையில் ஐந்து நாட்கள் உள்ளன.

தந்தையைப் பற்றிச் சொல்லிவிட்டால் பதில் எழுதுவோருக்கு எளிதாக இருக்கும். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சித்ரா பௌர்ணமிதோறும் குற்றாலத்தில் செண்பகாதேவி அருவி வரை நடந்தே ஏறி வந்தவர் என்பதால், மலை என்றால் அவருக்கு அச்சம் கிடையாது. ஆனால் இரண்டு ஆண்டுகளாக வலது முழங்காலில் தேய்மானம் உள்ளது. ஏறும்போது பெரிய தொல்லை இல்லை. இறங்கும்போதுதான் வலி என்கிறார். மகனுக்கு 11 வயது. அவனைப் பிடித்து நிறுத்துவதுதான் எங்களுக்கு வேலையே தவிர, நடக்க வைப்பது அன்று.

இணையத்தில் தேடினால் வின்ட்கர், தோல்மின், மோஸ்ட்னிட்சா என்று மலையிடுக்குகளும், சவிட்சா, பெரிச்னிக் என்று அருவிகளும், போஹின் ஏரியும், அதற்கு மேலே ஏழு ஏரிப் பள்ளத்தாக்கும் என ஒரு நீண்ட பட்டியல் கிடைக்கிறது. இவற்றுள் எவை என் தந்தையால் இயலக்கூடியவை, எங்கே தங்கினால் அலைச்சல் குறையும், ஏழு ஏரிகளைப் பார்க்கும் ஆசையை நாங்கள் விட்டுவிட வேண்டுமா என்பதை அங்கே நேரில் நடந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் செல்லலாம் என்று எண்ணியிருக்கிறோம்.


லியுப்லியானா_குமரன் எழுதியது

வணக்கம் சகோதரி. நான் இந்த நாட்டில் ஆறாவது ஆண்டாக இருக்கிறேன். நீங்கள் குறிப்பிட்ட இடங்கள் அனைத்தையும் ஒரு முறைக்கு மேல் நடந்து பார்த்திருக்கிறேன். முதலில் நாளைப் பற்றி ஒரு சொல். ஆகஸ்ட் முதல் வாரம் வேண்டாம். இத்தாலியர்களும் ஜெர்மானியர்களும் இந்நாட்டவரும் ஒரே நேரத்தில் விடுமுறையில் இருக்கும் காலம் அது. போஹின் ஏரிக்கரையில் கார் நிறுத்த இடம் கிடைப்பதற்குள் பாதிக் காலை போய்விடும். பிற்பகல்களில் இடிமழையும் அந்த மாதங்களில்தான் மிகுதி. பவேரியாவில் பள்ளி விடுமுறை செப்டம்பர் நடுப்பகுதி வரை நீளுமாதலால், செப்டம்பர் முதல் வாரத்தில், அதுவும் வார நாட்களில் வாருங்கள். மலைவிடுதிகள் அப்போதும் திறந்திருக்கும். மிக உயரத்தில் உள்ளவை பெரும்பாலும் ஜூன் இறுதியில் திறந்து செப்டம்பர் இறுதியில் மூடுபவை.

அடுத்ததாக, அந்த மலைகளைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் தாமாகவே அமைந்துவிடும். யூலிய ஆல்ப்ஸ் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். மேலே பெய்யும் மழையும் உருகும் பனியும் ஓடையாக ஓடாமல் வெடிப்புகளின் வழியே உள்ளே இறங்கிவிடுகின்றன. பல நூறு மீட்டர் கீழே, பாறையின் நடுவிலிருந்து, அருவியாகவோ ஊற்றாகவோ வெளிப்படுகின்றன. நம் ஊரில் மலைமேல் ஏற ஏற ஓடையின் ஓசை துணைக்கு வரும். இங்கே 1,500 மீட்டருக்கு மேல் போனால் ஒரு கை நீர் கிடைப்பதே அரிது. விடுதிகளே மழைநீரைத் தொட்டியில் சேமித்துத்தான் காலம் தள்ளுகின்றன. எனவே நீரைப் பார்க்க வேண்டுமானால் பள்ளத்தாக்கிலேயே இருக்கலாம். அதற்காக உயரம் ஏற வேண்டியதில்லை. ஏழு ஏரிப் பள்ளத்தாக்கு மட்டும் இதற்கு விதிவிலக்கு. அங்கே பனியாறுகள் குடைந்துவிட்டுப் போன குழிகளில் நீர் தேங்கி நிற்கிறது. அதன் அருமை கருதித்தான் 1924-ஆம் ஆண்டிலேயே அந்தப் பள்ளத்தாக்கைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கினார்கள். இன்று ஏறத்தாழ 840 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பூங்கா அந்தச் சிறு பகுதியிலிருந்து வளர்ந்ததுதான். 1961-இல் தேசியப் பூங்காவாகி, 1981-இல் விரிவுபடுத்தப்பட்டது.

தங்குவதற்கு பிளெட் நகரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்குள்ள ஏரியின் நடுவே இருக்கும் தீவும் தேவாலயமும் அழகுதான்; ஒரு மாலைப்பொழுதில் பார்த்துவிடலாம். அது பூங்காவுக்கு வெளியே இருக்கிறது, விலையும் கூடுதல். ரிப்சேவ் லாஸ் அல்லது ஸ்தாரா ஃபூஜினா என்னும் சிற்றூர்களில் தங்குங்கள். இரண்டும் போஹின் ஏரியின் கிழக்கு முனையில் உள்ளவை.

போஹின் ஏரி ஸ்லோவீனியாவின் மிகப் பெரிய நிலையான இயற்கை ஏரி. நீளம் 4 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், ஆழம் 45 மீட்டர். சுற்றிவர ஏறத்தாழ 12 கிலோமீட்டர் ஆகும். உங்கள் தந்தைக்கு முழுச் சுற்று தேவையில்லை. வடகரையில் காட்டுக்குள் செல்லும் நடைபாதையில் மேற்கு முனையான உகான்ட்ஸ் வரை நடந்துவிட்டு, அங்கிருந்து மின்படகில் திரும்பி வரலாம். தென்கரையில் சாலை செல்வதால் அந்தப் பக்கம் நடப்பதில் சுவையில்லை.

மோஸ்ட்னிட்சா மலையிடுக்கு ஸ்தாரா ஃபூஜினாவிலிருந்து நடக்கும் தொலைவிலேயே தொடங்குகிறது. என் கருத்தில் உங்கள் குடும்பத்துக்கு முதலிடம் பெற வேண்டியது இதுதான். கூட்டமும் வின்ட்கரில் உள்ளதில் கால் பங்குகூட இராது. ஆறு பாறையை 20 மீட்டர் ஆழம் வரை அறுத்துக்கொண்டு செல்ல, பாதை அதன் விளிம்பிலேயே மெல்ல ஏறிச் செல்கிறது. ஓரிடத்தில் பாறை, துதிக்கையை நீரில் விட்டுக் குடிக்கும் யானைக்குட்டியின் வடிவில் நிற்கிறது. யாரும் சொல்லாமல் உங்கள் மகனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இடுக்கு முடிந்தபின் வோயே என்னும் அகன்ற புல்வெளிப் பள்ளத்தாக்கு வரும். அதன் கோடியில் ஒரு சிறிய அருவி. வழியில் உணவு தரும் விடுதியும் உண்டு. ஏற்றமும் இறக்கமும் மென்மையானவை.

சவிட்சா அருவிக்கு வாகன நிறுத்தத்திலிருந்து இருபது முதல் முப்பது நிமிட நடைதான். ஆனால் அது முழுவதும் படிகள், 500-க்கும் மேல். ஏறியவற்றை இறங்கியாக வேண்டும் என்பதை உங்கள் தந்தையின் முழங்காலை நினைத்துச் சொல்கிறேன். நடைக்கோல் இரண்டு இருந்தால், காலையில் முதல் வேலையாக இதை வைத்துக்கொண்டால், இயலும். 78 மீட்டர் உயரமுள்ள அருவி அது. ஆற்றின் நடுவே விழுவதன்று, செங்குத்துப் பாறையின் நடுவிலிருந்து இரு கிளைகளாகப் பீறிட்டு வருவது. மேலே சொன்ன சுண்ணாம்புக்கல் கதையைக் கண்ணால் காண இதைவிட நல்ல இடம் இல்லை. ஏழு ஏரிகளில் கடைசியானதாகிய கருப்பு ஏரியின் நீர் நிலத்தடியே இங்குதான் வந்து சேர்கிறது.

வின்ட்கர் மலையிடுக்கு பிளெட்டிலிருந்து 4 கிலோமீட்டர். ரதோவ்னா ஆற்றின் மேல் பாறையோடு ஒட்டி அமைத்த மரப்பலகைப் பாதையில் 1.6 கிலோமீட்டர் நடந்தால், 13 மீட்டர் உயரமுள்ள ஷூம் அருவியில் முடியும். 1891-இல் ஊர்த் தலைவர் ஒருவரும் நிலப்படம் வரைபவர் ஒருவருமாக உள்ளே இறங்கிப் பார்த்து, 1893-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட பாதை அது. கல் விழக்கூடும் என்பதால் தலைக்கவசம் தருவார்கள். நேரம் குறித்த நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பே வாங்கிவிடுங்கள். இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: இடுக்கு இப்போது ஒருவழிப் பாதை. போன வழியே திரும்ப முடியாது. காட்டின் வழியே குன்றேறி, இறங்கி, தொடங்கிய இடத்துக்கு வர வேண்டும். ‘சமதளத்தில் அரை மணி நேரம்’ என்று நம்பிச் செல்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடந்து திரும்புகிறார்கள்.

ஏழு ஏரிகளைப் பற்றி: ஒரே நாளில் போய்த் திரும்பும் எண்ணம் வேண்டாம். கணவரும் மகனும் மட்டும் ஓர் இரவு மலைவிடுதியில் தங்கும்படி சென்று வரலாம். சவிட்சாவிலிருந்து கொம்னா விடுதி வழியாகச் செல்வது நீளமானது, ஆனால் பாதுகாப்பானது. முதல் உலகப் போர்க் காலத்தில் பொதி விலங்குகள் ஏறிய வழி என்பதால், ஏராளமான கொண்டை ஊசி வளைவுகளோடு சீராக ஏறும்.


வியன்னா_வேலன் எழுதியது

குமரன் அவர்கள் அருமையாக எழுதியிருக்கிறார். ஆனால் ஏழு ஏரிகளின் விஷயத்தில் சற்று மிகையாக அச்சுறுத்துகிறார் என்றே எனக்குப் படுகிறது. சென்ற ஆண்டு நானும் இரு நண்பர்களும் சவிட்சாவிலிருந்து கொமார்ச்சா என்னும் செங்குத்து வழியே ஏறினோம். கொம்னா வழியாகச் சுற்றிக்கொண்டு போவதைவிட இது மிகக் குறுகிய பாதை. இரண்டு மணி நேரத்துக்குள் கருப்பு ஏரியை அடைந்துவிட்டோம். அங்கிருந்து ஏழு ஏரி விடுதிக்கு மேலும் ஒன்றரை மணி நேரம். இரும்புக் கயிறுகளும் ஆணிகளும் பொருத்தியிருக்கிறார்கள். உங்கள் மகன் ஆட்டுக்குட்டிபோல் ஏறிவிடுவான். ஏறும்போது முதுகுக்குப் பின்னால் போஹின் ஏரி முழுவதும் விரிந்து கிடக்கும் காட்சி வேறு எந்த வழியிலும் கிடைக்காது. தந்தையை ஏரிக்கரையில் விட்டுவிட்டுக் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் மாலைக்குள் திரும்பிவிடலாம்.

பெரிச்னிக் அருவியையும் விட்டுவிடாதீர்கள். மொய்ஸ்திரானாவிலிருந்து விராத்தா பள்ளத்தாக்குக்குள் காரிலேயே போகலாம். கீழருவி 52 மீட்டர். அதன் பின்புறம் பாறை உள்வாங்கியிருப்பதால், விழும் நீருக்குப் பின்னால் நடந்து மறுபக்கம் போய்விடலாம்.


சூரிச்_சிவகாமி எழுதியது

வணக்கம் தங்கச்சி. வேலன் தம்பி சொன்னதில் பெரிச்னிக் பற்றியது முழுக்க உண்மை. மழைச்சட்டை அணிந்து கொண்டு போங்கள், அவ்வளவுதான். கொமார்ச்சாவைப் பற்றிச் சொன்னதை மட்டும் தயவு செய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் ஏறியதைச் சொல்கிறார், நான் இறங்கியவள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், ஆகஸ்ட் மாதம், நானும் என் தம்பி குடும்பமும் கொம்னா வழியாக ஏறி ஏரி விடுதியில் தங்கிவிட்டு, அடுத்த நாள் ‘குறுக்கு வழி’ என்று எண்ணி கொமார்ச்சாவால் இறங்கத் தொடங்கினோம். தம்பியின் மூத்த மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கருப்பு ஏரியைத் தாண்டிய கையோடு மழை தொடங்கிவிட்டது. அந்தச் சுண்ணாம்புக்கற்களில் எத்தனையோ ஆயிரம் சப்பாத்துகள் மிதித்து மிதித்து மேற்பரப்பு மெழுகினதைப் போல் ஆகிவிட்டிருக்கிறது, நனைந்தால் சவர்க்காரக்கட்டிதான். இரும்புக் கயிற்றைப் பிடித்த கை குளிரில் விறைத்துப் போனது. ஓரிடத்தில் பிள்ளை கயிற்றை விட்டுவிட்டு ஒரு மரத்தின் வேரைப் பிடித்துக்கொண்டு, மேலேயும் வரமாட்டேன் கீழேயும் போகமாட்டேன் என்று நின்றுவிட்டான். அழவில்லை, கத்தவில்லை, பேச்சே வரவில்லை. பின்னால் வந்த உள்ளூர்த் தம்பதியினர் தங்கள் பையிலிருந்த கயிற்றை அவன் இடுப்பில் கட்டி, ஒவ்வொரு காலையும் எங்கே வைப்பது என்று கையால் எடுத்து வைத்துக் காட்டி இறக்கினார்கள். இரண்டு மணி நேரம் என்று நாங்கள் கணக்குப் போட்ட இறக்கம் ஐந்து மணி நேரம் எடுத்தது. தவறு முழுக்க எங்களுடையதுதான்: வானிலை அறிவிப்பில் பிற்பகல் இடிமழை என்று போட்டிருந்ததைப் பார்த்தும் காலை பத்து மணிக்குத்தான் புறப்பட்டோம்.

அந்த நாட்டில் மலைப்பாதைகளை எளியது, கடினமானது, மிகக் கடினமானது என்று மூன்றாக வகுத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் குறி ஒன்றுதான், சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளைப் புள்ளி. அலோய்ஸ் க்னாஃபெல்ட்ஸ் என்பவர் 1922-இல் வகுத்த குறி அது. குறி தெரிகிறது, ஆகவே பாதை இலகுவானது என்று எண்ணிவிடக் கூடாது. வகை எது என்பதை நிலப்படத்தில் பார்க்க வேண்டும். கொமார்ச்சா எளிய வகையில் இல்லை.

விடுதியைப் பற்றி இன்னும் சில. பொதுக்கூடத்தில் வரிசையாகப் படுக்கைகள் இருக்கும். உள்ளே விரித்துப் படுப்பதற்கான மெல்லிய உறையை நீங்களே கொண்டு போக வேண்டும். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட வேண்டும். இரவு பத்து மணிக்கு விளக்கணைத்துவிடுவார்கள். முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். நாங்கள் போனபோது குழாய் நீர் குடிக்கத் தரவில்லை. போத்தல் நீரின் விலை கீழே கடையில் உள்ளதைப் போல் பல மடங்கு. ஆளுக்கு இரண்டரை லீற்றர் சுமந்துகொண்டு போங்கள். அட்டை வேலை செய்யாத இடங்களும் உண்டு, காசு கையில் இருக்கட்டும். மரக்கறி உணவு உண்பவர்கள் என்றால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை: வாற்கோதுமைக் கூழ் ஒன்று உண்டு, ‘ரிச்செத்’ என்பார்கள், ஆனால் அதில் இறைச்சி போடுவது வழக்கமாதலால் ‘இறைச்சி இல்லாமல்’ என்று கேட்டு வாங்குங்கள். பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிய ‘ஷ்த்ருக்லி’ அருமையாக இருக்கும்.

மற்றொன்று, உண்ணி. பள்ளத்தாக்குகளின் புல்வெளிகளில் மிகுதி. உண்ணிக்கடியால் வரும் மூளையழற்சி ஸ்லோவீனியாவில் பரவலாக உள்ள நோய். நீங்கள் பவேரியாவில் இருப்பதால் உங்களுக்கும் பிள்ளைக்கும் தடுப்பூசி போட்டிருப்பீர்கள். தந்தைக்குப் போட்டிருக்க மாட்டீர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ஊசிகள் வேண்டும் என்பதால், அவர் வந்த வாரமே வைத்தியரிடம் கேளுங்கள்.


தென்காசி_மலர் எழுதியது

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சிவகாமி அக்கா, நீங்கள் எழுதியதைக் கணவரிடம் படித்துக் காட்டினேன். அவர் அதற்கு முன் வேலன் அவர்களின் பதிலைப் படித்துவிட்டுக் கொமார்ச்சாவின் காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்; இப்போது அந்த எண்ணத்தைக் கைவிட்டுவிட்டார். பயணத்தையும் செப்டம்பருக்கு மாற்றிவிட்டோம்.

எனக்கு இன்னும் ஒரு நெருடல் இருக்கிறது. இவர்கள் இருவரும் மேலே போகும் இரண்டு நாட்களும் தந்தை கீழே சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமா? ‘நீங்கள் போய் வாருங்கள், நான் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்றுதான் சொல்வார். ஆனால் உயரத்தில் ஓர் ஏரியையாவது அவரும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அத்துடன் தோல்மின் பக்கம் ஒரு நாளில் போய்த் திரும்ப முடியுமா என்பதையும் சொல்லுங்கள்.


லியுப்லியானா_குமரன் எழுதியது

சிவகாமி அம்மா எழுதியதோடு நான் முழுவதும் உடன்படுகிறேன். ஏழு ஏரிகளுக்கு மூன்றாவது வழி ஒன்று இருப்பதை முதல் பதிலிலேயே சொல்லியிருக்க வேண்டும்; உங்கள் தந்தை ஏறமாட்டார் என்று நானாகவே முடிவுசெய்துவிட்டதால் விட்டுவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்தாரா ஃபூஜினாவிலிருந்து கட்டணச் சாலை ஒன்று பிளானினா பிளாத்தோ என்னும் மேய்ச்சல் வெளிக்குக் காரிலேயே ஏற்றிவிடும். அது ஏறத்தாழ 1,150 மீட்டர் உயரம். ‘பிளானினா’ என்றால் கோடையில் மாடுகளை ஓட்டிவந்து மேய்க்கும் மலைப்புல்வெளி. பிளாத்தோவிலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் பிளானினா ப்ரி யேசெரு, அதாவது ‘ஏரிக்கரை மேய்ச்சல்வெளி’, 1,450 மீட்டர் உயரத்தில் வரும். சிறிய ஏரி, கரையில் மரக்குடில்கள், ஒரு விடுதி. இரும்புக் கயிறோ ஆணியோ எதுவும் இல்லாத பாதை. ஒரு பகுதி அகலமான வண்டித்தடம். நால்வரும் அதுவரை சேர்ந்தே செல்லுங்கள். அங்கே உணவருந்திவிட்டு, கணவரும் மகனும் தேத்னோ போல்யே வழியாகவும் ஷ்தாப்ட்ஸே கணவாய் வழியாகவும் இரண்டரை மூன்று மணி நேரம் நடந்து ஏழு ஏரி விடுதிக்குச் செல்லட்டும். நீங்களும் தந்தையும் வந்த வழியே இறங்கிவிடலாம். மறுநாள் அவர்களும் அதே வழியில் திரும்பி வந்தால் இறக்கத்தில் இடர் எதுவும் இல்லை. நேரம் இருந்தால் விடுதியிலிருந்து மேலும் ஒன்றரை மணி நேரம் நடந்து லெத்விட்சா ஏரியைப் பார்த்துவரச் சொல்லுங்கள். சிறுநீரக வடிவில் இருப்பதால் அந்தப் பெயர். ஏழில் பெரியது அதுதான்.

விடுதியை ஒட்டிய இரட்டை ஏரியில் மகன் காலை நனைக்க விரும்புவான், விடாதீர்கள். நீர் வந்து போகும் ஓட்டம் மிகக் குறைவாக உள்ள ஏரிகள் அவை. நம் உடலில் பூசிய களிம்பும் வியர்வையும் அதிலேயே தங்கிவிடும். 1991-இல் யாரோ அந்த ஏரியில் மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை பாசியைத் தின்னும் நுண்ணுயிர்களைத் தின்று தீர்த்ததால், கண்ணாடிபோல் இருந்த நீர் இன்று கோடைதோறும் பாசி படர்ந்து பச்சையாகிவிடுகிறது. கீழே போஹின் ஏரியில் வேண்டிய மட்டும் நீந்தலாம்.

தோல்மினுக்கு ஒரு நாளில் போய்த் திரும்பலாம். அந்தப் பயணமே ஒரு வேடிக்கை. போஹின்ஸ்கா பிஸ்த்ரிட்சா நிலையத்தில் காரை ரயிலின் திறந்த பெட்டியில் ஏற்றிவிட்டு, 1906-இல் திறக்கப்பட்ட 6.3 கிலோமீட்டர் சுரங்கத்தைக் கடந்து, மறுபக்கம் மோஸ்த் நா சோச்சியில் இறக்கிக்கொள்ளலாம். காருக்குள் அமர்ந்தபடியே ரயிலில் போகலாம் என்று மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். தோல்மின் இடுக்குதான் பூங்காவின் தென்கோடி நுழைவாயில். கடல் மட்டத்திலிருந்து வெறும் 180 மீட்டர். தோல்மின்கா, சத்லாஷ்சிட்சா என்னும் இரு ஆறுகள் இடுக்குக்குள்ளேயே கூடும் இடத்தைப் பாலத்திலிருந்து பார்க்கலாம். ஒன்றரை மணி நேரச் சுற்றுப்பாதை. ஆனால் படிகள் உண்டு, ஏற்ற இறக்கமும் உண்டு. முதல்நாள் பலத்த மழை பெய்திருந்தால் போக வேண்டாம்.

அவசர உதவிக்கு எண் 112. புறப்படும் நாளில் ஸ்தாரா ஃபூஜினாவில் உள்ள பூங்காத் தகவல் மையத்தில் பாதைகளின் நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். கல் சரிந்து மூடப்பட்ட வழிகளை இணையத்தைவிட அவர்கள் திருத்தமாகச் சொல்வார்கள்.


தென்காசி_மலர் எழுதியது (செப்டம்பர் மாதம்)

சென்ற ஞாயிறு திரும்பி வந்தோம். இங்கே கேட்டுச் சென்றவள் என்ற முறையில், நடந்ததைப் பதிவு செய்கிறேன்.

முதல் நாள் வழியில் வின்ட்கர். காலை எட்டரை மணிச் சீட்டு. தலைக்கவசத்தை அணிந்துகொண்ட தந்தை, பள்ளிக் கட்டடத்தை ஆய்வு செய்ய வந்த பொறியாளரைப் போல ஒவ்வொரு பலகையையும் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார். நீரின் நிறத்தை நான் எழுதப் போவதில்லை. படங்களில் மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைத்திருந்தேன், இல்லை. திரும்பி வரும் குன்றுப் பாதை குமரன் அண்ணா எச்சரித்தபடியே நீண்டது. இரண்டு மணி ஐம்பது நிமிடங்கள் ஆயின.

சவிட்சாவில் தந்தை படிகளை எண்ணிக்கொண்டே ஏறினார். முந்நூறுக்குப் பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது என்று நின்றுவிட்டு, மூச்சு வாங்குவதற்கு அதையே காரணமாகச் சொன்னார். மேலே போய் நின்று அருவியைப் பார்த்தவர் நெடுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, ‘இதற்கு மேலே ஆறே இல்லையா?’ என்று கேட்டார். இல்லை, மலைக்குள்ளிருந்து வருகிறது என்றேன். செண்பகாதேவிக்கு மேலே என்ன இருக்கிறது என்று சிறுவயதில் தான் கேட்டதற்குத் தன் தாத்தா, ‘தேனருவி, அதற்கு மேலே மேகம்’ என்று சொன்னதாக அப்போது சொன்னார். இத்தனை ஆண்டுகளில் நான் கேட்டிராத செய்தி அது. இறங்குவதற்கு நாற்பத்தைந்து நிமிடங்கள் ஆயின. நடைக்கோல்கள் இல்லாவிட்டால் இறங்கியிருக்க மாட்டார். பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்கியது வலியைக் குறைத்தது என்கிறார்.

மோஸ்ட்னிட்சாதான் எங்கள் அனைவருக்கும் பிடித்த இடம். யானைக்குட்டியை முதலில் கண்டது மகன் அல்லன், தந்தை.

பிளானினா ப்ரி யேசெருவுக்கு ஒரு மணி நேரம் என்று எழுதியிருந்தீர்கள். எங்களுக்கு ஒரு மணி ஐம்பது நிமிடங்கள் ஆயின. ஏரி அத்தனை பெரிதில்லை, கரையெங்கும் மாட்டுச் சாணமும் சேறும். ஆனால் பசுக்களின் கழுத்து மணிகள் ஏரியின் மறுகரையிலிருந்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதியில் ஒலிப்பதைக் கேட்டபடி, தடித்த கிண்ணத்தில் கெட்டியான புளித்த பாலும் மரக்கோதுமைக் களியும் தந்தார்கள். ‘தயிரும் கம்பங்களியும்’ என்று அடையாளம் கண்டுகொண்ட தந்தை, ஊறுகாய் மட்டும் இல்லையே என்று வருந்தி, இரண்டாவது கிண்ணமும் வாங்கி உண்டார். கணவரும் மகனும் அங்கிருந்து பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டு, மூன்றே காலுக்கு விடுதியை அடைந்துவிட்டதாகச் செய்தி அனுப்பினார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் லெத்விட்சாவுக்குப் போய்விட்டு, பிற்பகல் மூன்றரைக்குப் பிளாத்தோவில் காத்திருந்த எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். இரட்டை ஏரி உண்மையிலேயே பச்சையாகத்தான் இருக்கிறதாம். மகன் அதற்கு மீன்கள் மீது கடும் கோபத்தில் இருக்கிறான். கொண்டுவந்து விட்டவர்கள் மீது அல்ல.

தோல்மினுக்குப் போக முடியவில்லை. நான்காம் நாள் இரவு பெய்த மழையில் சவிட்சா ஆறு கலங்கி ஓடியதைக் காலையில் பார்த்துவிட்டு, போக வேண்டாம் என்று தீர்மானித்தோம். ஏரிப் படகில் ஒரு முறை போய் வந்ததோடு அன்றைய பொழுது முடிந்தது. பெரிச்னிக்கும் விடுபட்டுவிட்டது.

இனிச் செல்பவர்களுக்காக இரண்டு செய்திகள். பிளாத்தோவில் கார்களுக்கு இடம் மிகக் குறைவு. காலை எட்டு மணிக்குப் போன எங்களுக்கே கடைசிக்கு முந்தைய இடம்தான் கிடைத்தது. வழிகாட்டிப் பலகைகளில் எழுதியுள்ள நேரம் உள்ளூர்க்காரர்களின் நடைக்கு ஏற்றது. முழங்கால் வலி உள்ள ஒருவர் உடன் இருந்தால் அதை இரண்டால் பெருக்கி, அதன்படி விடுதியையும் படகையும் பதிவு செய்யுங்கள். சிவகாமி அக்கா, தந்தைக்கு ஊசி இரண்டும் ஆகஸ்டிலேயே போட்டுவிட்டோம். வோயே புல்வெளியில் நடந்த அன்று இரவு மகனின் முழங்காலுக்குப் பின்னால் ஓர் உண்ணியைக் கண்டுபிடித்து எடுத்தோம்.